வளையம் சரிந்துவிட்டது என்று எழுதச் சொன்னார்கள்

1

“வாங்கய்யா, வெளிய போய்ப் பார்த்துடலாம்.”

இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது என்று வந்த அன்றே எனக்குச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை கேட்டுவிட்டேன். இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது. கலைத்தெய்வங்கள் ஒன்பது பேரும் வரிசையாக வந்து காதில் ஓதினார்கள் என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். என் காதில் யாரும் ஓதவில்லை.

இப்போது மதியம். வீடு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறது. என் முன்னால் பெருந்தொகுப்பின் மூன்றாம் சுருள் விரிந்து கிடக்கிறது. எழுத்து என்னுடையது, நன்றாகவே இருக்கிறது. ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அதில் நான் ஒரு வரி எழுத வேண்டும். எழுதினால் இந்த வீட்டில் எனக்கு அறை, சாப்பாடு, புதிதாக வரும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் இடம். எழுதாவிட்டால் அப்பாவின் சுண்டல் வண்டி.

அந்த வரியை எழுதாமல், பழைய கணக்குத் தாளின் பின்பக்கத்தில் உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘அலெக்சாந்திரியா நகரில், வானத்தின் ரகசியம் அனைத்தையும் அறிந்த ஒரு ஞானி—’

(வேண்டாம். எங்கள் ஆசிரியர் ஹெரக்ளம்மோன் ஐயா வானத்தை அறிந்தவர் இல்லை, நூலை அறிந்தவர். இரண்டும் ஒன்று என்று இந்தத் தெருவே நம்புகிறது. நான் வேறு அதற்கு ஒத்து ஊத வேண்டுமா?)

இரண்டாவது: ‘ஏழைச் சுண்டல்காரனின் மகள் தப்சாயி கண்ணீர் மல்க—’

(கண்ணீர் எங்கிருந்து வந்தது? எனக்கு வந்தது கோபம். எங்கள் தெருப் பெண் ஒரு கதைக்குள் நுழைந்தால் அழுதுகொண்டேதான் நுழைய வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

மூன்றாவதாக, நேராகவே சொல்லிவிடுகிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள், ஐந்து கோள்கள் எல்லாம் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பதின்மூன்று பகுதிகளாக எழுதிவைத்தார். அதுதான் பெருந்தொகுப்பு. இந்த வீட்டில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘அவர்’ என்றால் அவர்தான். இந்த வீட்டின் வேலை அவர் எழுதியதைப் படிப்பது, படி எடுப்பது, விளக்கம் எழுதுவது, அந்த விளக்கத்துக்கு விளக்கம் எழுதுவது. வானம் கூரைக்கு மேலே சும்மா கிடக்கும்.

அந்த விதியை எனக்குச் சொன்னவர் திதிமே அக்கா. ஐயாவின் தங்கை, வீட்டை நடத்துகிறவர்.

“எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு கேளு. மீன் உப்பு கரிக்குதுன்னு சொல்லு. அவர் கணக்குலயே தப்பு இருக்குன்னுகூட சண்டை போடு, அண்ணன் சந்தோஷமா சண்டைக்கு வருவாரு. வெளிய போய்ப் பார்க்கலாமான்னு மட்டும் கேட்டுடாத புள்ள. அன்னிக்கெல்லாம் சாப்பிட மாட்டாரு. நான் ஆக்கிவெச்சதை யாரு திங்கிறது?”

3

ஹெரக்ளம்மோன் ஐயாவை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

முதல் வரைவில் அவரைக் கொடுங்கோலனாக்கினேன். இல்லாத புருவத்தைக்கூட அடர்த்தியாக வைத்துவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே, படுக்கப் போகிற வழியில் தலையை நீட்டி, “தப்சாயி, அத்திப்பழம் ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன், எறும்பு மொய்க்கிறதுக்குள்ள தின்னுடு” என்றார். முழுத் தாளையும் அடிக்க வேண்டியதாகிவிட்டது. பழம் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். எழுத்துப் பள்ளியின் சன்னலுக்குக் கீழேதான் அப்பாவின் வண்டி நிற்கும். கசப்புப் போக நாள்கணக்கில் ஊறவைத்த அவரைக்கொட்டையை உப்புப் போட்டு விற்பார். உள்ளே இருந்தவர்கள் அடி வாங்கிக் கற்றார்கள், வெளியே இருந்த நான் அடி வாங்காமல் கற்றேன். ஒரு நாள் சுண்டல் வாங்க நின்ற ஹெரக்ளம்மோன் ஐயா, நான் வாய்ப்பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டார். யார் மகள், எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார். நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன். ஆனால் நன்றியைத் திருப்பித் தரச் சொல்லும்போது இவர்கள் நம் கண்ணையே கேட்கிறார்கள்.*

இந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நானும்தான். காலையில் ரொட்டி வாசனை, பட்டியல்களைக் கூட்டிச் சரிபார்க்கும் முணுமுணுப்பு, ஒருவர் கணக்கில் ஒருவர் தப்புக் கண்டுபிடித்துக் கத்தும் கத்தல், பிறகு எல்லோரும் ஒரே தட்டில் மீன். நான் வேறெங்கும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. கதையில் கெட்டவர் வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் மன்னிக்கவும், கைவசம் இல்லை.

* இந்த வரி கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். கோபமாக இருக்கும்போது எல்லோருக்கும் மேடை தேவைப்படுகிறது.

4

வளையத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மல்லர் கூடத்தின் முற்றத்தில் வெண்கல வளையங்கள் நிற்கின்றன. பழையது வண்டிச் சக்கரத்தைவிடப் பெரியது. சூரியனின் பாதைக்கு ஏற்பச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். வளையத்தின் மேற்பாதி தன் நிழலைக் கீழ்ப்பாதியின் உட்புறத்தில் போடும். குளிர்காலம் முழுக்க அந்த நிழலுக்கு ஒரு பக்கத்து ஓரத்தில் வெளிச்சம் இருக்கும், கோடை முழுக்க மறு பக்கத்து ஓரத்தில். பகலும் இரவும் சமமாகும் நாளில், வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர்காலத்தில் ஒரு முறை, வெளிச்சம் ஓரம் மாறும். அந்தச் சமநாள் எது என்று தெரிந்தால் சூரியனின் மொத்தக் கணக்கும் தெரியும். அவ்வளவுதான். கண் இருந்தால் போதும்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு மதியம் நான் போய்ப் பார்த்தேன். கூட வந்தவன் நெய்லோஸ், என்னோடு படிக்கிறவன். கப்பல் வைத்திருக்கும் வீட்டுப் பையன். எனக்குச் ‘சுண்டல்’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான், அப்பாவின் சுண்டலை அதிகம் தின்றவனும் அவன்தான்.

“டேய், பாருடா, மாறிடுச்சு!”

“என்ன மாறிடுச்சு?”

“வெளிச்சம்டா. அந்த ஓரத்துல இருந்தது இந்த ஓரத்துக்கு வந்துடுச்சு.”

“ஏய் சுண்டல், நான் அந்த மல்லனைப் பார்த்துட்டிருக்கேன். எண்ணெயைக் கால்ல பூசிக்கிட்டு அவனே வழுக்கி விழுந்துட்டான் பாரு.”

“எருமை, ஒரே ஒரு தடவை இங்க திரும்பு.”

திரும்பினான். வாயில் சுண்டலோடு குனிந்து பார்த்தான். “ஆமா, மாறிடுச்சு. சரி, அதுக்கு என்ன இப்ப?”

அதற்கு என்ன என்றால், பெருந்தொகுப்பின்படி அது மாற இன்னும் இரண்டு நாள் இருந்தது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். “ரெண்டு நாள் முந்தியா?” என்று யோசித்தார். “நல்லதுதானே. குளிர் சீக்கிரம் வந்தா யாவாரம் நல்லா ஓடும்.”

ஐயாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வாக்கியமாக எது வரும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் கேட்கக் கூடாதே. குளிர்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டு மூன்றாம் சுருளைப் படி எடுத்தேன்.

5

இன்று காலை.

அந்தியோக்கியாவிலிருந்து அர்கிரியோஸ் என்று ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். அவர் ஊரில் புதிதாகப் பள்ளி திறக்கிறார்கள், அதற்கு எங்கள் படியை வாங்கிப் போக வந்தவர். தொப்பையும் சிரிப்பும் ஒன்றாகக் குலுங்கும் மனிதர். அவர் கேட்க, மூன்றாம் பகுதியை நான் உரக்கப் படித்தேன். ஐயா பட்டியலில் விரலை ஓட்டி நாளைச் சொன்னார்.

“ஆக, நாளை மறுநாள் மதியம் தாண்டி சமநாள். சூரியனுக்குச் சொல்லியனுப்பியாச்சு, வந்துடுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் இதே நகைச்சுவை, ஒவ்வொரு வசந்தத்திலும் இதே சிரிப்பு. நானும் சிரித்திருக்கிறேன். இன்று சிரிக்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்தது. முதல் வரியில் எழுதியிருக்கிறேனே, அதைச் சொன்னேன்.

திதிமே அக்கா மீன் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். ஐயா சுருளைப் பார்த்தார். அர்கிரியோஸ் மட்டும் உற்சாகமாக எழுந்தார்.

“இது நல்லாயிருக்கே! கொஞ்சம் நடந்தா நல்லாப் பசிக்கும். போவோமே ஹெரக்ளம்மோன்.”

விருந்தாளி ஆசைப்பட்டால் மறுக்க முடியுமா? போனோம். பமெனோத் மாதத்துக் காற்று புழுதியோடு அடித்தது. முற்றத்தில் மல்லர்கள் எங்களைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். மதியம் நெருங்கும்போது, நான் கையைக்கூட நீட்டவில்லை, தானாகவே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் வெளிச்சம் ஓரம் மாறியது.

“அட! மாறுது, மாறுது!” என்றார் அர்கிரியோஸ். “ஆனா நாளை மறுநாள்னு சொன்னீங்களே?”

ஐயா சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. “வளையம் சரிஞ்சுபோச்சு. நான் சொல்லலை, அவரே எழுதி வெச்சிருக்காரு.”

எழுதியிருக்கிறார்தான். அதே மூன்றாம் பகுதியில். மல்லர் கூடத்து வளையங்கள் இருந்த நிலையிலிருந்து பிசகிவிட்டன, அதிலும் பெரியதில் ஒரே நாளில் வெளிச்சம் இரு முறை மாறுவதும் உண்டு என்ற பொருளில். எவ்வளவு வசதி பாருங்கள்! நூலைச் சோதிக்கும் கருவி கெட்டுப்போனது என்று நூலே சொல்லிவிட்டது. இனி யார் என்ன கேட்க?

“சூரியன் தப்பா வரும்னுகூட அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்களேன்!” என்று அர்கிரியோஸ் கைதட்டினார்.

“ஐயா,” என்றேன். “வளையம் சரிஞ்சிருந்தா வசந்தத்துல முந்துறது இலையுதிர்காலத்துல பிந்தணும். சரிஞ்ச வாசப்படி உள்ள வர்றவனுக்கு மேடுன்னா வெளிய போறவனுக்குப் பள்ளம். ஆனா போன இலையுதிர்காலத்துலயும் முந்தித்தான் மாறுச்சு. அதே ரெண்டு நாள். தப்பு வளையத்துல இல்லை. நான் பார்த்தேன்.”

“யாரோட?”

“நெய்லோஸோட.”

எல்லோரும் நெய்லோஸைப் பார்த்தார்கள்.

(இங்கே நின்று யோசித்தேன். இவனை என்ன செய்வது? ஒரு வரைவில் ‘நானும் பார்த்தேன் ஐயா’ என்று முன்னால் வருகிறான், எனக்கே புல்லரிக்கிறது. இன்னொன்றில் பொறாமையால் பொய் சொல்கிறான், ஆனால் என் மேல் பொறாமைப்பட அவனுக்கு என்ன குறை? இரண்டும் அவன் இல்லை. நடந்ததையே எழுதுகிறேன்.)

“நான்… அன்னிக்கு சுண்டல் சாப்பிட்டுட்டு இருந்தேன் ஐயா,” என்றான்.

“சாட்சி சுண்டல் தின்னுட்டு இருந்தாராம்!” என்றார் அர்கிரியோஸ். தொப்பை குலுங்கியது. எல்லோரும் குலுங்கினார்கள்.

6

○

 பெருந்தொகுப்பின் பட்டியல்களில் ஓர் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால் சிறிய வட்டம் போடுவோம். திரும்பி நடந்த வழியில் யாரும் என்னோடு ஒன்றும் பேசவில்லை. அதற்குத்தான் இந்த வட்டம்.

7

சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா தனியாக வந்தார். இந்த உரையாடலை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் அவர் என்னைவிட நன்றாகப் பேசினார்.

“கோபமா?”

“ஆமாய்யா.”

“அந்த வாசப்படி உதாரணம் நல்லாயிருந்துச்சு. எனக்குத் தோணலை.”

“அப்ப ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? சூரியன் மேல சந்திரனைக் கட்டியிருக்காரு. சந்திரன் மேல நட்சத்திரம். நட்சத்திரத்து மேல அஞ்சு கோள். நீ அடிக்கல்லைப் புடிச்சு உருவுறே. மொத்தத்தையும் திரும்பக் கட்டணும். யாரு கட்டுறது? எனக்கு முட்டி வலிக்குது. அந்தியோக்கியாக்காரன் கட்டுவானா? அவன் சாப்பிடத்தான் வந்திருக்கான்.”

“நான் கட்டுறேன்.”

சிரித்தார், ஆனால் கேலியாக இல்லை. அது இன்னும் மோசம்.

“பொண்ணே, நீ பார்த்தது ரெண்டு மதியம். அவர் எழுதினது பதிமூணு பகுதி. எதுல குடியிருக்க முடியும்?”

  இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

“ஒண்ணு செய்,” என்றார். “இந்த ஓரத்துல ஒரே வரி. நம்ம காலத்துலயும் வளையம் சரிஞ்சேதான் இருக்குன்னு எழுது. உன் கையெழுத்துல, உன் பேரைப் போட்டே எழுது. ‘தப்சாயி கண்டது’ன்னு. அந்தியோக்கியா வரைக்கும் உன் பேரு போகும். நாளைலேர்ந்து புதுப் பசங்களுக்கு நீதான் பாடம் சொல்றே. மாடி அறை உனக்கு. அர்கிரியோஸ் எழுந்து வர்றதுக்குள்ள முடிச்சிடு.”

மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. பரிசு கொடுக்கிறவரின் முகம். இந்த வீட்டில் எந்த மாணவனுக்கும் ஓரத்தில் பெயர் கிடைத்ததில்லை. எனக்குக் கிடைக்கிறது, நான் காணாத ஒன்றைக் கண்டதாக.

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் தப்சாயி அந்த வரியை எழுதுகிறாள். மாடி அறைக்குக் கடல் தெரியும் சன்னல். காலையில் புது மாணவர்களின் வாய்ப்பாடு, மதியம் மீன், மாலையில் திதிமே அக்காவோடு வம்பு. அப்பா வாசலில் வந்து நின்று, “எம் பொண்ணு இங்கதான் வாத்தியார்” என்று போகிற வருகிறவர்களிடம் சொல்கிறார். இதைக் கேலிக்காக எழுதவில்லை. அருமையான முடிவு. எழுதும்போது எனக்கே அந்த அறையில் காற்று வந்தது.

இரண்டாவதில், அவள் உண்மையை எழுதிவிட்டுச் சுருளைச் சுற்றி அனுப்பிவிடுகிறாள். அந்தியோக்கியாவில் யாரோ ஒருவன் என்றோ விரித்துப் பார்த்துத் திடுக்கிடுகிறான். (வீரமாக இருக்கிறது. ஆனால் ஈரப் பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்தால் மை போய்விடும். அது போகட்டும். திருட்டுத்தனமாக உண்மை சொல்லும் அளவுக்கு நான் என்ன குற்றம் செய்துவிட்டேன்?)

மூன்றாவது: ‘ஹெரக்ளம்மோன் ஐயா கண்கலங்கி, “மகளே, இத்தனை நாள் நான்—”’

(சீ.)

9

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நெய்லோஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்து எட்டிப் பார்த்தான்.

“என்ன எழுதுறே?”

“கதை.”

“நான் இருக்கேனா?”

“இருக்கே.”

“நல்லவனாவா?”

“சாப்பிடுறவனா.”

 காதைச் சொறிந்தான். “அந்த ஒரு வரியை எழுதிடேன் சுண்டல். நீ இல்லைன்னா இங்க யார்கூட சண்டை போடுறது? ஓரத்துல இருக்கிறதை யாரு படிக்கப்போறா?”

“ஓரத்தைப் படிச்சுத்தாண்டா நான் இவ்வளவு தூரம் வந்தேன். எனக்கு முன்னாடி இங்க உக்காந்தவங்க ‘இந்த இடம் கஷ்டம்’, ‘இங்க திரும்பக் கூட்டிப் பாரு’ன்னு எழுதி வெச்சதைப் படிச்சு. அவங்க யாரும் எங்கிட்டப் பொய் சொல்லலை.”

 போகும்போது, “ஆமா, அன்னிக்கு மாறுச்சு. நான் பார்த்தேன்” என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. இதையும் கதையில் சேர்த்துவிட்டேன், சேர்க்காவிட்டால் அவனுக்கு நியாயம் செய்ததாகாது. ஆனால் என்னிடம் சொல்லி என்ன பயன்?

10

நீங்கள் கூர்ந்து படிக்கிறவராக இருந்தால் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. முடிவு எடுத்தாகிவிட்டது. ஐயா அந்த வரியைக் கேட்பதற்கு முன்பே, முற்றத்தில் எல்லோரும் சிரித்தபோதே, கண்டதை மாற்றிச் சொல்வதில்லை என்று எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வளையத்தின் உள்ளே அந்த மெல்லிய வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யார் சிரித்தாலும் அது நகர்ந்துகொண்டிருந்தது. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் எதற்கு இவ்வளவு எழுதினேன் என்றால், அந்த மாடி அறையை ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றுதான்.

வரியை எழுதப்போவதில்லை. நாளையிலிருந்து அப்பாவின் வண்டியை மல்லர் கூடத்து வாசலுக்கு நகர்த்தப் போகிறேன், எண்ணெய் பூசிக்கொண்டவர்களுக்குப் பசி அதிகம். இலையுதிர்காலம் வரும், அடுத்த வசந்தம் வரும். ஒவ்வொரு சமநாளையும் நானே பார்த்துக் குறிப்பேன். சூரியனிலிருந்து தொடங்குவேன். சந்திரன் வரைக்குமாவது போக முடியுமா என்று தெரியாது. ஐயா சொன்னது சரிதான், இரண்டு மதியங்களில் குடியிருக்க முடியாது. ஆனால் மூன்றாவது மதியத்துக்கு யாராவது போக வேண்டுமே.

கதைக்கு முடிவு கேட்பீர்கள். அது உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் எனக்குப் பின்னால் பிறந்தவர். அந்த இரண்டு நாள் கணக்கில் சேர்ந்ததா, எந்த ஊரில், யார் கையால், எத்தனை தலைமுறை கழித்து என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் என் பெயர் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டாலும் கணக்குச் சரியாக இருந்தால் போதும். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

திதிமே அக்கா எழுந்துவிட்டார், அடுப்படியில் பாத்திரச் சத்தம். நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்துவிட்டு, “எங்கடி கிளம்பிட்டே? ராத்திரிக்கு உனக்கும் சேர்த்துத்தான் போடுறேன்” என்கிறார். “வேணாம்க்கா” என்கிறேன். என் முகத்தைப் பார்க்கிறார்.  சூடான ரொட்டியை ஒரு துணியில் சுற்றி என் பக்கம் தள்ளுகிறார்.

வாசலில் அர்கிரியோஸின் குரல். “என்னம்மா, சுருள் தயாரா?” என்று உள்ளே வந்துகொண்டே கேட்கிறார். சுருள் தயார், ஓரம் காலி என்று சொல்லப் போகிறேன். ஏன் காலி என்று கேட்டால் ஐயாவைக் கேட்கச் சொல்வேன். இந்தத் தாளை மடிக்கவில்லை, ஒளிக்கவில்லை, மைக்கூட்டைப் பாரமாக வைத்து மேசையிலேயே விட்டுச் செல்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரொட்டி கையைச் சுடுகிறது, இதற்கு மேல் எழுத